கொழும்பில் ஒரு இரவு: எந்தக் கிளப் என்று கேட்பதற்கு முன்னால்

"மச்சான், எந்தக் கிளப்புக்குப் போறது?"

போன வருசம் எங்கட கூட்டாளி ஒருத்தன் கட்டாருக்குப் போக வெளிக்கிட்டான். விசா வந்தாச்சு, ரிக்கட்டும் போட்டாச்சு. பின்னேரம் ஆலங்குடா கடற்கரையில் ஐந்து பேர் குந்தியிருந்தோம். "இனி ரெண்டு வருசத்துக்கு வரமாட்டன். போறதுக்கு முதல் கொழும்பில ஒரு நைட் போட்டுட்டுத்தான் போகணும்" என்றான். உடனே ஐந்து பேரும் போனை எடுத்தோம். லைட் எப்படி, பாட்டு எப்படி, ஆக்கள் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்காங்க என்று பார்த்தோம். கலர் கலராகப் படம் இருந்த ஒன்றைப் பிடித்தோம். அதற்கு மேல் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரவு எப்படிப் போச்சு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். பிழையில் பெரும்பங்கு எங்களுடையது.

முதல் கிளப்பில் வாசலோடு சரி. "கேள்ஸ் இல்லையா? ஸ்டாக்ஸ் எடுக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் இல்லாமல் வரும் ஆம்பிளைக் கூட்டத்துக்குத்தான் அங்கே 'ஸ்டாக்ஸ்' என்று பெயர். இரண்டாவது இடத்தில் தலைக்கு இவ்வளவு என்று சல்லி வாங்கிக்கொண்டு, ஐடியைக் கேட்டார்கள். எங்களில் இளையவனுக்கு வயது 20. அவனை விடவில்லை. நாலு பேருக்குக் கட்டின சல்லி திரும்பி வராது. "நீ ஓட்டோ ஸ்டாண்டில நில்லுடா, பத்து நிமிசத்தில வாறம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனோம்.

பத்து நிமிசம் ஒரு மணித்தியாலமானது. வெளியே வந்தபோது அவன் நின்ற இடத்தில்தான் நின்றான். இடையில் பொலிஸ்காரர்கள் வந்து ஐடியைப் பார்த்து, புத்தளத்து ஆள் இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறான் என்று துருவிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தனியாக நின்று பதில் சொல்லியிருக்கிறான். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கட பெயரும் ஊரும் உள்ள அட்டையை நடுராத்திரியில் நீட்டுவது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவனை விட்டுவிட்டுப் போனோம். கட்டாருக்குப் போக இருந்தவன் மிச்ச இரவு முழுக்க அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கருத்துத்தான். கிளப் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது டீஜேயை அல்ல. உங்கள் கூட்டத்தில் அந்த இரவு யாருக்கு ஆகக் கஷ்டமாக இருக்கும்? ஆக இளையவன், குடிக்காதவன், சல்லி குறைந்தவன், பெண் பிள்ளை, வீடு ஆகத் தூரத்தில் உள்ளவன். அந்த ஆளுக்குச் சரிவரும் இடம்தான் உங்களுக்கான இடம். அப்படி ஒன்று கிடைக்கவில்லையா, வேறு ஏதாவது செய்யுங்கள்.

இதைப் படித்துவிட்டு, "எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் கிளப் கதை?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானே குடிக்கிறதில்லை. ஆனால் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் பேசாமல் இருந்ததால் ஒருத்தரும் நிற்கவில்லை. போகிறவர்கள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போகிறார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு நடந்ததும் அதுதான். 21 வயதுக் கணக்கு ஊரில் ஒரு அண்ணனிடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிசத்தில் தெரிந்திருக்கும்.

அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது. வாசலில் ஐடி பார்ப்பது அதனால்தான். 18 வயதில் வாக்குப் போடலாம், லைசன்ஸ் எடுக்கலாம், வெளிநாட்டுக்கு வேலைக்கும் போகலாம். அந்த வாசலைத் தாண்ட மட்டும் 21 ஆகவேண்டும். கூட்டத்தில் ஒருத்தனுக்கு 20 என்றால் அந்த இரவுக்கு கிளப் வேண்டாம். போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நாடு முழுக்க மதுபான விற்பனை கிடையாது. நாள் பார்க்காமல் ஆலங்குடாவிலிருந்து பஸ் ஏறினால் மூடின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது சல்லி. பல இடங்களில் அனுமதிக் கட்டணத்தை உள்ளே குடிவகைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். எங்களில் மூன்று பேர் குடிப்பதில்லை. அந்தக் கூப்பனுக்கு ஆளுக்கு ஒரு அன்னாசி ஜூஸ் குடித்தோம். என் வாழ்க்கையில் குடித்த ஆக விலை கூடின அன்னாசி ஜூஸ் அது! போவதற்கு முதல் போன் எடுத்துக் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, குடிக்காத ஆளுக்கு அதில் என்ன கிடைக்கும், மேசைக்கு ஆகக் குறைந்த செலவு என்று ஏதும் உண்டா? விலைப்பட்டியலையும் நம்பவேண்டாம். பெரும்பாலும் அதற்கு மேலே 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் ஏறும். 1000 ரூபா என்று போட்டிருப்பது பில்லில் 1300ஐத் தொடும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சல்லி குறைந்தவன் வாய் திறந்து கேட்கமாட்டான். அவனுக்காக மற்றவன் கேட்கவேண்டும்.

பெண் பிள்ளைகள் விசயத்துக்கு வருவோம். எங்களை 'ஸ்டாக்ஸ்' என்று திருப்பி அனுப்பின அதே வகை இடங்கள்தான் 'லேடீஸ் நைட்' என்று பெண்களுக்கு இலவசமாக விடுகின்றன. இலவசம் என்றால் யாரோ அதற்கு விலை கொடுக்கிறார்கள். பெண்கள் வந்தால் ஆம்பிளைகள் சல்லியோடு வருவார்கள் என்பதுதான் அங்குள்ள வியாபாரம். சட்டமோ வேறு திசையில் நிற்கிறது. பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் பழைய விதியொன்றை 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ஒரு பக்கம் பெண் வாங்கக்கூடாது என்று விதி, இன்னொரு பக்கம் பெண்ணுக்குச் சும்மா கொடுக்கிறோம் என்று விளம்பரம். இரண்டிலும் அந்தப் பெண்ணிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பில் போர்டிங்கில் இருந்து படிக்கிற எங்கட ஊர்ப் பிள்ளைகள் உங்களோடு வருவதாக இருந்தால், இடத்தை அவர்களைத் தெரிவு செய்யவிடுங்கள். போர்டிங் கேட் எத்தனை மணிக்குப் பூட்டும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலான கிளப்பில் பதினொரு மணிக்குப் பிறகுதான் ஆட்டமே தொடங்கும்.

இன்னொரு வாசல் இருக்கிறது. அது வயதைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கும். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ஒரு பார்ட்டிக்கு விளம்பரம் வந்தது. வெள்ளை உடுப்புப் போடவேண்டும் என்று மட்டுமல்ல, முகமும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்கிற மாதிரி அதில் போட்டிருந்தது. இலங்கையில், இலங்கைக்காரனுக்கே வாசல் இல்லை! சமூக ஊடகங்களில் ஆக்கள் கொதித்தெழுந்த பிறகு பார்ட்டியை ரத்துச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதில் எழுதிப் போட்டதால் பிடிபட்டார்கள். எழுதாமல் வாசலில் வைத்துப் பார்க்கிற கண்கள் எத்தனை? கைட் சேர்ஃபிங் சீசனுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து நிறைகிற எங்கட கரையிலும் இந்தக் கேள்வி உண்டு. எங்கட கடற்கரையில் நடக்கிற பாட்டுக் கச்சேரியை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? உங்களை உள்ளே விடுவதே பெரிய உபகாரம் என்று நினைக்கிற இடத்தில் உங்கள் சல்லியைச் செலவழிக்காதீர்கள்.

உள்ளே போன பிறகு செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. வந்த வாசலைத் தவிர வேறு எந்த வழியால் வெளியே போகலாம் என்று பாருங்கள். 2003 பெப்ரவரி 20ஆம் திகதி அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'த ஸ்டேஷன்' என்ற கிளப் எரிந்தது. 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலானவர்கள் தாங்கள் வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே நெரிபட்டார்கள். 2013 ஜனவரி 27ஆம் திகதி பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' கிளப்பில் 242 பேர். மேடையில் கொளுத்தின வாணம் கூரையில் ஒட்டியிருந்த ஸ்பொஞ்சில் பிடித்து நச்சுப் புகையாகியது. பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து முதலில் காவலாளிகளே ஆக்களை மறித்தார்கள். கழிப்பறைக் கதவை வெளிவாசல் என்று நினைத்துப் போனவர்கள் பலர் அதற்குள்ளேயே இறந்தார்கள்.

கட்டடத்துக்கு வெளியே நின்றாலும் தப்பு என்று இல்லை. 2022 ஒக்டோபர் 29, தென்கொரியாவின் இத்தேவோன். கிளப்புகள் நிறைந்த பகுதியில், மூன்று மீற்றர் சொச்சம் அகலமுள்ள ஒரு ஒடுங்கின சந்தில் கூட்டம் நெருக்கி 159 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இலங்கை இளைஞர். வேலைக்குப் போன பிள்ளை. அதைப் படித்தபோது கட்டாரிலும் சவூதியிலும் கொரியாவிலும் இருக்கிற எங்கட ஆக்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள். பயப்படுத்துவதற்கு இதை எழுதவில்லை. உள்ளே போய் அரை நிமிசம் சுற்றிப் பார்த்தால் போதும். இரண்டாவது கதவு தெரியவில்லை, தெரிந்ததும் பூட்டியிருக்கிறது, கூரை தாழ்வு, உள்ளே வாணம் கொளுத்துகிறார்கள் என்றால் கட்டின சல்லி போகட்டும் என்று விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வருவது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் பாலாவியில் திரும்பி, நுரைச்சோலை வழியாக ஆலங்குடாவுக்கு வந்துசேர நாலு மணித்தியாலம் பிடிக்கும். விடிய ரெண்டு மணிக்கு கிளப்பால் வெளியே வருகிறவனுக்கு அந்த ரோட்டில் பைக் ஓட்டக் கொடுக்கக்கூடாது. குடித்திருந்தால் மட்டுமல்ல, நித்திரை இல்லாமல் இருந்தாலும் கூடாது. ஒன்று, தங்குவதற்கு ஒரு இடத்தை முதலே பேசிவையுங்கள். இல்லாட்டி விடியும் வரைக்கும் எங்காவது இருந்து புறக்கோட்டைக்குப் போய்க் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். இதற்கான சல்லியைத் தனியாக ஒருத்தரிடம் கொடுத்துவையுங்கள். அதில் உள்ளே வைத்து ஒரு ரூபாவும் எடுக்கக்கூடாது.

வீட்டில் ஒருத்தருக்காவது உண்மை தெரிந்திருக்கவேண்டும். நாங்கள் அன்று ஐந்து வீட்டிலும் ஐந்து பொய் சொல்லியிருந்தோம். தம்பியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தால் யாருக்குக் கோல் எடுத்து என்ன சொல்லியிருப்போம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வந்து ஒதுங்கிய இடங்களில் ஆலங்குடாவும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். அதைக் கண்டவர்கள்தான் எங்கட உம்மா, வாப்பாமார். பிள்ளை இரவில் எங்கே என்று தெரியாமல் இருப்பது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று நாம் யோசிக்கிறதில்லை, "சும்மா பயப்படுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் நானாவிடம், ராத்தாவிடம் சொல்லுங்கள். சொல்லவே முடியாத இடம் என்றால் அந்த இடத்தை இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள்.

எங்கட இரவு காலி முகத்திடலில்தான் முடிந்தது. கிளப்பை விட்டுவிட்டு ஐந்து பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். இளையவன் முதலில் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாட்டாவது நல்லா இருந்திச்சா?" என்று கேட்டான். ஒருத்தருக்கும் ஒரு பாட்டுக்கூட ஞாபகம் வரவில்லை. அதுக்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. கட்டாருக்குப் போனவன் இப்பவும் வொய்ஸ் மெசேஜில் அந்தக் கடலோரத்தைப் பற்றித்தான் கதைக்கிறான்.

அடுத்த மாசம் இன்னொருத்தன் ரியாத் போகிறான். திரும்பவும் அதே கேள்வி வந்திருக்கிறது. இளையவனுக்கு இப்போது 21 ஆகிவிட்டது. இந்த முறை இடம் பார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறோம். நேற்று மூன்று இடத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டிருக்கிறான். ஒன்று சரிவரும் போல இருக்கிறதாம். ஆனால் எங்களோடு வரப்போகிற புதுப் பையன் ஒருத்தனுக்கு வயது 19. அதனால் அதுவும் வேண்டாமாம்.