சின்னப் படகுக்கும் ஒரு கணக்கு

ஒரு மாசமா இங்க எதுவும் எழுதல. அமெரிக்காவுல, மிச்சிகன் ஏரிக்கரையில இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரின்னதும் நம்மூரு ஏரிய நினைச்சிராதீங்க. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். வீட்டுக்கு எதிர்ல மேனிட்டூ தீவுங்க ரெண்டு தெரியும். அதுக்கு அங்கிட்டு வெறும் தண்ணிதான். அந்தப் பக்கம் செர்ரி விளையிற பூமி. நான் போன ஜூலை மாசம் அறுவடை. மெஷின் மரத்தைப் பிடிச்சு உலுக்குது, பழம் பொலபொலன்னு கொட்டுது.

ஒரு ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வெளிய நாற்காலி போட்டாரு. "மாமா, இன்னைக்கு படகுப் பந்தயம் இந்த வழியாப் போகும், வாங்க"ன்னாரு. சிகாகோவுல கிளம்பி வடக்கே மேக்கினா தீவு வரைக்கும் போற பாய்மரப் படகுப் பந்தயம். 333 மைல், அதாவது சுமார் 535 கிலோமீட்டர். 1898ல அஞ்சு படகோட ஆரம்பிச்சது. இன்ஜின் போட்டு ஓட்டக் கூடாது, காத்தை நம்பித்தான் போகணும். பெரும்பாலான படகுகளுக்கு ரெண்டு மூணு நாள் ஆகிடுமாம்.

முதல்ல பெரிய படகுங்க வந்துச்சு. வெள்ளைப் பாயைப் பாத்தா நம்ம ஊரு நெல்லுக் களத்துல கொக்கு நிக்கிற மாதிரி இருந்துச்சு. மத்தியானம் காத்து நின்னு போச்சு. பாய் தொங்கிருச்சு, படகு அசையல. மழைக்கு வானத்தைப் பாத்துட்டு நிக்கிற நம்ம மொகந்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் காத்து திரும்பின பின்னாடிதான் சின்னப் படகுங்க ஒண்ணொண்ணா வந்துச்சு.

"பாவம், இவங்க தோத்துட்டாங்களா?"ன்னேன்.

"அப்படிச் சொல்ல முடியாது மாமா. இதுல ஹேண்டிகேப்னு ஒரு கணக்கு இருக்கு"ன்னாரு.

நீளமான படகு இயல்பாவே வேகமாப் போகும். அதனால ஒவ்வொரு படகோட நீளம், எடை, பாயோட அளவு எல்லாத்தையும் முன்கூட்டியே அளந்து, எது எவ்வளவு வேகமாப் போக முடியும்னு மதிப்புப் போட்டு வச்சிருக்காங்க. எடுத்துக்கிட்ட நேரத்தை அந்த மதிப்பை வச்சு சரிபண்ணித்தான் பரிசு. முதல்ல கரை சேந்தவன் ஜெயிச்சவன்னு அர்த்தமில்ல. அதுக்காக, சரியா ஓட்டாத சின்னப் படகு ஜெயிச்சிராது. படகு சின்னதுங்கிறதுக்கு மட்டுந்தான் கழிவு, ஓட்டத் தெரியாததுக்கு இல்ல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எனக்கு மூணு ஏக்கர் மஞ்சள். வெட்டி, வேகவச்சு, காயவச்சு, பாலீஷ் போட்டு மூட்டை கட்டினா, அந்த வாரமே வித்தாகணும். வெட்டுக்கூலி, வட்டி எல்லாம் வாசல்ல நிக்கும். முப்பது ஏக்கர்க்காரர் குடோன்ல அடுக்கி வச்சுட்டு விலை ஏறுனா விப்பாரு. அவரைக் குத்தம் சொல்லல, அவரு படகு நீளம். ஆனா ரெண்டு பேரும் ஒரே சந்தைலதான் ஓடுறோம், எங்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

எங்க பம்புசெட்டுக்குக் கொடுக்கிற மின்சாரத்தை "ஓசி கரண்ட்"னு டவுன்ல பேசறதைக் கேட்டிருக்கேன். அந்த ஏரியில சின்னப் படகுக்குக் கழிவு கொடுக்கிறதை யாரும் ஓசின்னு சொல்லல. பந்தயம் நியாயமா நடக்கணும்னா அளந்துதான் ஆகணும்கிறாங்க.

அதே சமயம் அளக்காமக் கொடுக்கிறதும் தப்புதாங்க. மூணு ஏக்கருக்கும் முப்பது ஏக்கருக்கும் ஒரே சலுகைன்னா, பெரிய படகுக்கும் சேத்துக் கழிவு கொடுக்கிற கதைதான். நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. விளைச்சலை வச்சுட்டுக் காத்திருக்கப் பக்கத்துலயே ஒரு குடோன், அந்த மூட்டை மேல நேரத்துக்குக் கிடைக்கிற பொருளீட்டுக் கடன். சட்டத்துல இருக்கிறதுதான், சின்ன விவசாயிக்கு முதல்ல கிடைக்கணும். மீதியை நாங்க ஓட்டிக்குவோம்.

நடுராத்திரி எந்திரிச்சு வெளிய வந்து பாத்தேன். கும்மிருட்டு. ஏரில ஒத்தைப் பச்சை விளக்கு ஒண்ணு வடக்கே நகந்துட்டிருந்துச்சு. படகோட வலப்பக்கம் பச்சை விளக்குதான் எரியுமாம். மத்தவங்க எல்லாம் எப்பவோ தாண்டிப் போயிட்டாங்க. அவன் மட்டும் விடாமப் போயிட்டிருந்தான், தன்னோட நேரத்தையும் யாரோ சரியா எண்ணிட்டிருக்காங்கங்கிற தைரியத்துல.