பச்சையாக இல்லாததெல்லாம் தரிசா?

போன டிசம்பரில் கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர்ப் பக்கம் ஐந்து பேர் மலையேறப் போனோம். விடிகாலை மூடுபனி. வரிசையாக நின்ற பைன் மரங்களுக்கு நடுவே என்னை நிறுத்தி நண்பன் படம் எடுத்தான். ‘காடு அழைக்கிறது’ என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டேன். லைக் கொட்டியது. பெரம்பலூர் வெயிலில் காய்ந்த இந்த மூஞ்சிக்கு அதற்குமுன் அவ்வளவு விழுந்ததில்லை.

வழிகாட்ட வந்த பெரியவர் போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது காடில்ல தம்பி, நட்டது. நான் சின்னப் பயலா மாடு மேய்க்கையில இங்கல்லாம் புல்லுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. பைன் மரங்கள் வரிசையில் நிற்கின்றனவே, எந்தக் காடு வரிசையில் நிற்கும் என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. பச்சையாக இருந்தது, பனி இருந்தது, போதும்.

அந்த உயரத்து இயற்கை வேறு. பள்ளங்களில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. உலகம் மேகக்காடு என்று சொல்வதில் அதுவும் ஒரு வகை. சரிவுகளில் புல்வெளி. மேகம் இலையிலும் பாசியிலும் மோதிச் சொட்டுகிறது, புல்லும் மண்ணும் மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல விடுகின்றன. சோலையும் புல்லும் சேர்ந்தால்தான் அந்த மலை. வரையாடு மேய்வது புல்வெளியில். குறிஞ்சி பூப்பதும் புல்வெளியில்.

வெள்ளைக்காரன் அந்தப் புல்வெளியைப் பார்த்து ‘வீண் நிலம்’ என்றான். விறகுக்கும் பட்டைக்கும் கட்டைக்கும் யூகலிப்டஸ், சீகை, பைன் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக நட்டோம். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. போன இடத்தில் நிற்கும் மரங்களுக்கு நடுவில்தான் நாம் கையை விரித்து நின்று படம் எடுக்கிறோம்.

மலையேற்றம் இயற்கையை நேசிக்கக் கற்றுத்தருகிறது என்று சொல்லாதீர்கள். என் தலைமுறைக்கு அது கற்றுத்தந்தது பச்சையை நேசிக்க மட்டும்தான்.

அன்று ராத்திரி கூடாரத்தில் ஒருத்தன் கேட்டான்: “உங்க ஊர்ல என்னடா இருக்கு? சிமெண்ட் லாரியும் புழுதியுமா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத வைத்தது அந்தச் சிரிப்புதான்.

அரியலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கேட்டார்கள். “சூரை முள்ளும் கல்லும், அதுல என்னத்த இருக்கு?” என்று அப்பா வந்த விலைக்குக் கொடுத்தார். நான்தான் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். இன்று அது பெரிய பள்ளம்.

அதில் என்ன இருந்தது? அந்தக் கல்லே கடலின் மிச்சம். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் கடல் இங்கே வரை வந்திருந்தது. புவியியலில் அரியலூர் என்ற பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி உண்டு. சாத்தனூரில் கல்லான மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. காரையில் வெறும் சிவந்த பொட்டல் என்று நாம் தாண்டிப்போகும் இடத்தில், துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் என்ற கடல் உயிரியின் எச்சங்கள். மழை பெய்தால் சூரையும் புல்லும் தலைகாட்டும், கௌதாரி கத்தும். அரசின் தரிசு நில வரைபடத்தில் புதர்க்காடு இன்றும் தரிசில் ஒரு வகை. வெள்ளைக்காரன் புல்வெளிக்குச் சொன்ன அதே சொல். அங்கே மரம் நட்டு அழித்தோம், இங்கே தோண்டி அழிக்கிறோம்.

‘ஊர் சுத்தப் போறவன ஏன்யா திட்டுற, சுரங்கத்தைத் திட்டு’ என்பீர்கள். சுரங்கத்தையும் திட்டுகிறேன். ஆனால் ‘அங்க ஒண்ணுமில்ல’ என்று ஊரே ஒத்துக்கொண்ட பிறகுதான் பொக்லைன் வருகிறது. அப்படி ஒத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தன்.

மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நீலகிரித் தண்ணீர் பவானியாகவும், பழனி மலை வடசரிவின் தண்ணீர் அமராவதியாகவும் காவிரிக்கு வருகின்றன. அதில் ஒரு பங்கு கொள்ளிடத்தில் இறங்கி எங்கள் திருமானூர்க் கரையைத் தொடுகிறது. அந்தப் பனியை நாங்கள் குடிக்கிறோம். ஆகவே போங்கள். போனால் வழிகாட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அண்ணே, இந்த மரம் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

கடைசியாகக் குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2018இல். அடுத்தது 2030. அப்போது ஆயிரக்கணக்கில் ஏறுவோம். பூக்க அதற்குப் புல்வெளி வேண்டும்.

அதற்குமுன் ஒரு சித்திரை மத்தியானம் காரைக்கு வாருங்கள். பனி இருக்காது, படமும் நன்றாக வராது. பெலம்னைட் எதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கூட நடக்க நான் வருகிறேன்.