கடலோர வீடுகளின் கடைக்கால்: எங்கள் நிலைப்பாடு

கடலோர வெள்ளப் பகுதியில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை மட்டும் வைத்துக் கடைக்காலைத் தீர்மானிக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் ஓடுமா, தேங்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கட்டுமானப் பொறியாளர்களான எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். வெள்ள பயம் என்றதும் பேஸ்மட்டத்தை உயர்த்திச் சவுடு நிரப்புவது நம் வழக்கம். தேங்கி வடியும் தண்ணீருக்கு அது போதும். அலையோடு பாய்ந்து வரும் தண்ணீருக்குப் போதாது. வீட்டு மூலையைச் சுற்றித் திரும்பும்போது நீரின் வேகம் கூடி, அங்கிருக்கும் மணலை அரித்துக் குழி பறிக்கிறது. கடைக்காலின் அடிமட்டம் வெளியே தெரிந்துவிட்டால் உள்ளே கொட்டிய சவுடு கரைந்து ஓடும். மூலைச் சுவர் முதலில் விரியும், பிறகு சரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில், ஆழமில்லாத கடைக்கால் மேல் நின்ற வீடுகள் பல இப்படித்தான் விழுந்தன.

அமெரிக்க வெள்ளக் காப்பீட்டு விதிகள் இந்த வேறுபாட்டைப் பல காலமாக ஏற்றிருக்கின்றன. மூன்றடியும் அதற்கு மேலும் அலை எழக்கூடிய கரையோரத்தில் நிரப்பிய மண் மீது வீட்டை நிறுத்த அங்கே அனுமதியில்லை. பைல் அல்லது தூண் மீதுதான் கட்ட வேண்டும்; தளத்துக்குக் கீழே தண்ணீர் தடையின்றிப் போக வேண்டும். நம் மணற்கரையின் முன்வரிசை வீடுகளுக்கும், அரிப்பு எட்டாத ஆழம்வரை இறங்கும் பைல்களே ஏற்றவை. பின்னால், தண்ணீர் தேங்கும் பகுதிக்கு உயர்த்திய பேஸ்மட்டம் போதும். ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண்ணாக இருந்தால் அடி அகன்ற அண்டர்ரீம்டு பைல் பொருந்தும்.

பைலுக்குச் செலவு கூடும் என்பது உண்மை. அதனால்தான் எல்லா வீட்டுக்கும் அதை நாங்கள் கேட்கவில்லை. தூண் மேல் நிற்கும் வீட்டைப் புயல் சாய்த்துவிடாதா என்ற கேள்வியும் நியாயமானது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கத்தான் செய்வார்கள். பைல் தலைகளைப் பீம்களால் பிணைத்து, கூரைவரை கம்பியைத் தொடர்ச்சியாகக் கொண்டுபோனால் காற்றின் விசை மண்ணுக்கு இறங்கிவிடும். உப்பு கம்பியைத் தின்னாதா என்றால், கடலோரக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 தரம் கேட்கிறது. அதையும் கம்பிக்கு உரிய கவர் கனத்தையும் குறைக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே, அரசு வீட்டுத் திட்டங்கள் எல்லா மண்ணுக்கும் ஒரே தொகை ஒதுக்குவதை விட்டு, மண் பரிசோதனைக்கும் கடைக்காலுக்கும் தனியாக நிதி தர வேண்டும். வீடு கட்டுவோரும் மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை மேஸ்திரியை வானம் தோண்டச் சொல்ல வேண்டாம்.