பட்டம் வாங்கும் முன் விலை கேளுங்கள்!

 

புளியங்குடி எலுமிச்சையாகட்டும், பிரானூர் மரமாகட்டும், ஒரு லோடு சரக்கு எடுக்கும் முன் நீங்கள் கேட்கும் கேள்விகள் கொஞ்சமா? தரம் என்ன, விலை என்ன, யாரிடம் விற்போம், போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க மாட்டீர்கள். பெற்ற மகனைக் கல்லூரியில் சேர்க்கும்போது மட்டும் அந்த வியாபார புத்தி எங்கே போய்விடுகிறது? பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே வாசலில் வந்து நிற்கும் தரகரிடம் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, "பையனுக்கு சீட் கிடைத்துவிட்டது" என்று பள்ளிவாசல் வாசலில் நின்று சந்தோஷப்படுகிறீர்கள். சீட் கிடைத்ததா, விற்கப்பட்டதா?

இதற்கு நேர் எதிரான வாப்பாமார்களும் நம் தெருக்களில் உண்டு. "அடுத்த வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படித்து என்னத்தைக் கண்டான்? இவன் நம் கடையிலேயே உட்காரட்டும்" என்று பதினேழு வயதிலேயே மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல்வர் காசை இழக்கிறார். இரண்டாமவர் மகனுக்கு வர வேண்டிய வாய்ப்பை இழக்கிறார். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, வடகரை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டு இழப்பும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. இன்று 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கவுன்சிலிங்கில் வரும் மாணவரிடம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவரிடம் 85,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவென்றால் சற்றுக் கூடுதல் என்று 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தது. நிர்வாக ஒதுக்கீடு என்றால் நான்கு ஆண்டுக்கு 3,40,000 ரூபாய். இது காகிதத்தில் உள்ள கணக்கு. விடுதி, சாப்பாடு, பேருந்து, தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் தனி. ரசீதில் வராத தொகை இன்னும் தனி. நான்கு ஆண்டு அவன் கடையில் நின்றிருந்தால் மிச்சமாகியிருக்கும் ஒரு ஆள் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கொட்டியும் பட்டம் கைக்கு வந்தால் பரவாயில்லை. அரியர் என்ற ஒரு சொல் நம் வீடுகளில் எவ்வளவு கண்ணீரை வரவழைத்திருக்கிறது! கணக்கில் விருப்பமே இல்லாத பையனை, "கம்ப்யூட்டர் எடுத்தால் அமெரிக்கா" என்று தள்ளிவிட்டால் என்ன ஆகும்? நான்காம் ஆண்டு முடிவில் பத்துப் பாடம் பாக்கி. முக்கால் பட்டத்துக்கு எந்தச் சந்தையிலும் விலை கிடையாது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் புதியவர்களுக்குக் கொடுத்துவந்த ஆரம்பக்கட்ட வேலைகளை இயந்திரத்திடம் விடத் தொடங்கியிருக்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மத்தளம்பாறை சொல்வது என்ன?

"அப்படியென்றால் காலேஜே வேண்டாமா? ஸோஹோவில் பட்டம் கேட்பதில்லையாமே!" என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. தென்காசிக்காரர்களான நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே, மத்தளம்பாறையில் 2011-இல் அந்த நிறுவனம் ஒரு சிறிய அலுவலகத்தைத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 2005-இல், ஆறு மாணவர்களுடன் அவர்கள் தொடங்கிய பயிற்சிக்கூடம்தான் இன்று ஸோஹோ பள்ளிகள் என்ற பெயரில் நடக்கிறது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. படிக்கும் காலத்தில் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்து, தேறியவர்களைத் தங்கள் நிறுவனத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்த நிறுவனத்தை உருவாக்கியவரின் அரசியல் நமக்கு ஏற்புடையதா என்பது வேறு வழக்கு. நல்ல பாடம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாடத்தை முழுதாகப் படிக்க வேண்டும், தம்பி! அங்கே நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. கேட்டவருக்கெல்லாம் இடம் கிடைப்பதில்லை. அங்கே கிடைக்கும் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. அதைக் காட்டி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத முடியாது. ஐ.ஏ.எஸ். எழுத முடியாது. சட்டக் கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்பிலும் சேர முடியாது. "பட்டம் தேவையில்லை" என்று சொல்லும் ஸ்ரீதர் வேம்புவே சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. பட்டத்தை வாங்கி அலமாரியில் வைத்தவர் அது வேண்டாம் என்பதும், பட்டமே இல்லாதவன் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "காலேஜ் வேண்டுமா, வேண்டாமா?" என்பதை விடுங்கள். "இந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும்? அந்தக் கதவு வரை கடனில்லாமல் போக முடியுமா?" என்று கேளுங்கள். சில கதவுகள் பட்டம் இல்லாமல் திறக்கவே திறக்காது. அரசுப் பணியின் மேல்நிலைகள், ஆசிரியர் வேலை, வக்கீல், மருத்துவர் எல்லாம் அப்படித்தான். அங்கே நம் பிள்ளைகள் போய்த்தான் ஆக வேண்டும். 2006-இல் சச்சார் குழு தந்த அறிக்கை நினைவிருக்கிறதா? ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 சதவிகிதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவிகிதம், ஐ.எஃப்.எஸ்.ஸில் 1.8 சதவிகிதம். மாநிலத்தில் 2007-இல் கலைஞர் ஆட்சியில் 3.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. எத்தனை மாநாடு, எத்தனை ஊர்வலம் நடத்திப் பெற்ற உரிமை அது! இடத்தை வாங்கிவிட்டு, அதில் உட்கார ஆளில்லை என்றால் குற்றம் யாருடையது?

ஒரே பட்டம், இரண்டு விலை

இந்தக் கதவைத் திறக்கும் பட்டத்துக்கு லட்சங்கள் தேவையில்லை. பி.ஏ., பி.காம்., பி.எஸ்.சி. எதுவானாலும் பட்டம் பட்டம்தான். பாளையங்கோட்டையில் 1971-இல் நம் சமுதாயப் பெரியவர்கள் எழுப்பிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. குற்றாலத்தில் 1964 முதல் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. இவை போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சேரும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகம், ஒரே பல்கலைக்கழகம், சான்றிதழிலும் வித்தியாசம் இருக்காது. கட்டணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். தாமதமாகப் போகிறவருக்குச் சுயநிதிப் பிரிவுதான் மிஞ்சும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் படிப்புக்கு நிலத்தை விற்கத் துணிகிறவர்கள் மகளின் படிப்பென்றால் பிளஸ் டூவோடு நிறுத்திவிடுகிறார்கள். தென்காசியிலிருந்து பேருந்தில் ஏறினால் சில நிமிடங்களில் குற்றாலம். பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வீட்டுக்குள் கல்வி எப்படி வரும்?

படிப்பின் அருமை நம் முன்னோருக்குத் தெரியாமல் இல்லை. கடையநல்லூரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உலகப் போர் முடிந்து ஊரே நொடிந்து கிடந்த 1946-இல், தஞ்சோங் பகார் பகுதியில் அவர்கள் திறந்ததுதான் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாகவும் ஆனது. சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அது. உழைத்துச் சேர்த்த காசில் பள்ளிக்கூடம் கட்டிய அந்தச் சபுராளிகளை எண்ணினால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் 1982-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அங்கே வேலைகள் ஆங்கிலத்தின் பக்கம் போய்விட்டன. பெற்றோர்களும் பிள்ளைகளை அந்தப் பக்கமே அனுப்பினார்கள். ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், படிப்பு எந்தக் கதவைத் திறக்கிறது என்பதைப் பெற்றோர்கள் பார்க்கத்தான் செய்வார்கள்.

சரி, ஏட்டுப் படிப்பு ஏறாத பையனை என்ன செய்வது?

ஐ.டி.ஐ. என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள்! தென்காசியிலும் பேட்டையிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அது முட்டுச்சந்தும் அல்ல. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நடுவிலே 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலையில் உதவித்தொகையோடு பயிற்சியும் பெறலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ், ஒவ்வொரு படியிலும் சம்பாதிக்க ஒரு வழி. நான்கு ஆண்டு முடியும்வரை கையில் ஒன்றுமே இல்லாத படிப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிநாடுதான் போவேன் என்கிறாயா தம்பி? போ. ஆனால் பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். முத்திரை விழும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போக ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்க வேண்டும். சவூதி அரேபியாவோ இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற வேலைகளுக்கு இங்கேயே திறன் தேர்வு வைத்துத்தான் விசா கொடுக்கிறது. அந்தத் தேர்வில் ஐ.டி.ஐ.யில் பயின்ற கை எப்படி நிற்கும், ஒன்றுமே பயிலாத கை எப்படி நிற்கும்? விசாவுக்குக் கட்டும் பணத்தில் ஒரு பங்கு கூட ஐ.டி.ஐ.க்குச் செலவாகாது.

வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஏனோ நம்மவர்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதே குறைவு. அதுதான் சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பு. பிளஸ் டூ முடித்தே நுழையலாம். நடுவில் ஒரு ஆடிட்டரிடம் உதவித்தொகை பெற்றுக்கொண்டே பயிற்சி. 2023-இல் வந்த புதிய திட்டப்படி அந்தப் பயிற்சி இரண்டு ஆண்டுகள். கட்டணம் பொறியியல் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கடினமான படிப்புதான், மறுக்கவில்லை. திரும்பத் திரும்பத் தேர்வு எழுத வேண்டிவரலாம். ஆனால் 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் மாதந்தோறும் கணக்குக் காட்ட நாம் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கல்லாவின் அருமை தெரிந்து வளர்ந்த பையனுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது? கடையை விட முடியாத பையன் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு இரவில் படிக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: பத்து, பிளஸ் டூ, அதன்பிறகு பட்டம் என்ற வரிசையில் இருந்தால்தான் தமிழக அரசுப் பணிக்கு அது செல்லும்.

வட்டிக்கு வாங்கிப் படிக்க வைப்பதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹராம் என்று தெரிந்தும், "பிள்ளை படிப்புக்குத்தானே" என்று நிலப்பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம். பையன் முதல் செமஸ்டர் எழுதும்போதே அந்தப் பக்கம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஜமாஅத்துகளைக் கேட்கிறேன்: உங்கள் பைத்துல்மாலில் திருமண உதவிக்கு ஒதுக்குகிறீர்கள், மருத்துவ உதவிக்கு ஒதுக்குகிறீர்கள். படிப்புக்கு அழகிய கடன் என்று ஒரு தலைப்பு உண்டா? பி.காம். படிக்கவோ சி.ஏ. நுழைவுக் கட்டணம் கட்டவோ தேவைப்படுவது ஒரு வலீமா விருந்தின் பிரியாணிச் செலவு கூட இல்லையே! வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டட்டும்; அடுத்த பையனுக்கு அதே பணம் போகட்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் நம் ஊருக்கே உரியது. பிளஸ் டூ முடிவு மே மாதம் வரும். ஐ.டி.ஐ. விண்ணப்பம், கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கவுன்சிலிங் பதிவு எல்லாம் அதை ஒட்டியே மே, ஜூனில் வந்து முடியும். சரியாக அப்போதுதான் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். வாப்பா கடையை விட்டு நகர முடியாது. பையனும் ஒத்தாசைக்கு நிற்பான். சீசன் முடிந்து ஆகஸ்டில் நிமிர்ந்து பார்த்தால் உதவி பெறும் இடங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும். தரகர் மட்டும் காத்திருப்பார். ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பட்டதாரி இளைஞர்கள் மே மாதம் முழுதும் அஸருக்குப் பின் மதரஸா திண்ணையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்காரட்டும். விண்ணப்பங்களை அவர்களே போட்டுக் கொடுக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பி.சி.எம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ், இந்த மூன்றையும் இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.