கைவைத்த கேமராவை வாங்கலாமா?

‘அயர்ன் மேன்’ முதல் பாகத்தில் மொட்டைத் தலையோடு வில்லனாக வருவாரே, ஜெஃப் பிரிட்ஜஸ்... அவர் படப்பிடிப்பு இடைவேளைகளில் சும்மா இருப்பதில்லை. ‘வைட்லக்ஸ்’ என்ற ஃபிலிம் கேமராவில் செட்டில் இருப்பவர்களைப் படம் பிடித்துக்கொண்டே இருப்பார். அந்தப் படங்கள் 2003-ல் புத்தகமாகவே வந்துவிட்டன.

வைட்லக்ஸ், ஜப்பானின் பனோன் நிறுவனம் தயாரித்த பனோரமா கேமரா. இதன் லென்ஸ் ஓர் உருளைக்குள் இருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த உருளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுழலும். வளைத்து வைத்த ஃபிலிமின் மீது, மெல்லிய பிளவு வழியே வரும் வெளிச்சம் விளக்குமாறு போலப் பெருக்கிக்கொண்டே போகும். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமிலேயே மிக அகலமான காட்சி பதிவாகும். ஒவ்வொரு படமும் அகலம் என்பதால், 36 படச் சுருளில் 21 படம்தான்.

இப்போது சந்தைக்கு வரும் பழைய வைட்லக்ஸ்களில் தயாரிப்பாளரின் சர்வீஸோ புது உதிரிபாகமோ எதிர்பார்க்க முடியாது. அதனால் முன்பு வைத்திருந்தவரே திறந்து ஏதாவது செய்திருப்பார். ‘மாடிஃபை செய்யப்பட்டது’ என்று விளம்பரத்தில் பார்த்ததும் சிலர் ஓடிவிடுவார்கள். சிலர் கூடுதல் விலை கொடுப்பார்கள். இரண்டுமே அவசரம். என்ன செய்தார் என்பதைவிட, எதற்காகச் செய்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபோகஸ் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 35 மி.மீ. வைட்லக்ஸில் ஃபோகஸ் வளையமே கிடையாது. சில மீட்டர் தூரத்துக்குப் பொருத்தி நிலையாக வைத்திருப்பார்கள். மலையும் கடலும் எடுப்பவர்களுக்குத் தொலைவில் இருப்பது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதனால் சிலர் லென்ஸின் அடியில் இருக்கும் மெல்லிய வளையத்தின் தடிமனை மாற்றி, ஃபோகஸைத் தொலைவுக்குத் தள்ளிவிடுவார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால், கல்யாண வீட்டில் பந்தி வரிசையைப் படமெடுக்க நினைப்பவர் அதை வாங்கினால், குறைந்த வெளிச்சத்தில் முன்வரிசை முகங்கள் தெளிவிழக்கும்.

சிக்கல் எல்லாம் உருளையில்தான். உருளையின் ஓரங்களில் வெளிச்சம் கசியாமல் தடுக்கும் துணி நாளடைவில் தேய்ந்துவிடும். கசிவை அடைக்க வெல்வெட்டோ ஃபோமோ ஒட்டுவார்கள். அது கொஞ்சம் தடிமனாகிப் போனால் உருளை உரசும். உரசினால் தயங்கித் தயங்கிச் சுழலும். தயங்கிய இடத்தில் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடி, படத்தில் செங்குத்தாக வெளிறிய பட்டை விழும். ஒரு நோய்க்கு மருந்து கொடுக்கப்போய் இன்னொன்றை வரவழைத்த கதை! கெட்டிப்பட்ட பழைய கிரீஸும் இதே வேலையைச் செய்யும். அதன்மேல் எண்ணெய் விட்டிருந்தால் சில நாள் நன்றாக ஓடும், விற்கிற அளவுக்கு.

மேல்தோல் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, கைப்பிடி பொருத்துவது பற்றிக் கவலை வேண்டாம். கைப்பிடி உண்மையில் உதவிதான். இல்லாவிட்டால் படத்தின் இரு ஓரங்களிலும் எடுத்தவரின் விரல்களே வந்து நிற்கும்.

வெளியே பார்த்து இந்தக் கேமராவை எடைபோட முடியாது. மேகமில்லாத வானத்தையோ வெற்றுச் சுவரையோ எடுத்த படங்களை விற்பவரிடம் கேட்க வேண்டும். இதிலிருப்பது மூன்றே வேகங்கள். மூன்றிலும் எடுத்தது தேவை. ஸ்கேன் செய்த படம் மட்டும் போதாது; கணினியில் பட்டையைச் சரிசெய்துவிடலாம். நெகட்டிவையே விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊர்வலத்தையும் சந்தையையும் எடுத்து அனுப்பினால் ஜாக்கிரதை. கூட்டத்துக்குள் பட்டை ஒளிந்துகொள்ளும்.

கழற்றிய பழைய வளையம், திருகுகள் எங்கே என்றும் கேட்கலாம். பொட்டலமாக மடித்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கும் ஆளிடம் கூடுதல் பணம் கொடுத்தாலும் தப்பில்லை. “அதெல்லாம் இல்லைங்க, ஆனா சூப்பரா ஓடுது” என்று பதில் வந்தால், முழு சர்வீஸுக்கு ஆகும் செலவை மெக்கானிக்கிடம் விசாரித்து விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். அதிலும், உருளை கேமராவைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் முதலில் கிடைக்க வேண்டும்.