அளந்தறிதலும் கல்வியே

ஆக்கிய நிறுவனம் கைவிட்டதும் ஒரு கருவியின் வாழ்வு முடிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எம் கருத்து.

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ 64 என்னும் வீடியோ விளையாட்டுப் பொறியின் கைக்கருவியைக் காண்போம். அதன் நடுத்தண்டின் அடிமுனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊன்றி நிற்கிறது. தண்டு சாயும்போது துளையிட்ட இரு சக்கரங்கள் சுழல்கின்றன. துளைகளின் வழியே விட்டுவிட்டு விழும் ஒளியை எண்ணி அசைவு அறியப்படுகிறது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராய்வதால் கிண்ணம் வெண்பொடியாய்த் தேய்கிறது, தண்டு தளர்கிறது.

ஆர்வலர் சிலர் அதனைப் பிரித்து, வெர்னியர் அளவியால் உறுப்புகளை அளந்து, கணிப்பொறியில் முப்பரிமாண வடிவம் வரைந்து, மாற்றுறுப்புகள் செய்துள்ளனர். தேய்ந்த உறுப்பை அப்படியே அளந்தால் தேய்மானமும் அளவோடு சேர்ந்துவிடும். ஆதலால் தேயாத பகுதிகளைக் கொண்டு முதல் வடிவை உய்த்துணர வேண்டும். 'ஏன் இவ்வாறு அமைத்தனர்?' என வினவாதார்க்கு இது கைகூடாது.

இதனைத் திருட்டு என்பாரும் உளர். பிறர் பெயரைப் பொறித்துப் போலியை விற்பதே திருட்டு. பழுது நீக்க அளந்தறிவது கல்வி.

அவ்வாறு அறிந்ததை மறைத்தலும் தகாது. 1206-இல் அல்-ஜஸரீ தம் பொறிகளின் அமைப்பையும் செய்முறையையும் நூலாக்கி வைத்தார். அதனாலன்றோ அவர்தம் நீர்க்கடிகாரம் 1976-இல் இலண்டனில் மீண்டும் உருப்பெற்றது! மாணவர்களே, பிரித்துப் பாருங்கள், நேர்மையாய் அளவுங்கள், அறிந்ததைப் பிறர்க்கும் ஈயுங்கள்.