வெறும் தண்ணீர் போதாது

பழைய மாருதி 800 வைத்திருப்பவர் கூலன்ட் மாற்ற வேண்டும் என்று வாய் திறந்தாலே ஒர்க்‌ஷாப்பில் பதில் தயாராக இருக்கும்: "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது சார்? அதெல்லாம் குளிர் தேசத்துக்கு. தண்ணி ஊத்தி ஓட்டுங்க." நல்ல இன்ஜின்கள் பலவற்றை இந்தப் பேச்சு கெடுத்திருக்கிறது.

உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு உயரும்; ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். மே மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சில டிகிரிகள் பெரிய விஷயம். வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்காலைவிடத் தண்ணீர் மேல் என்பது உண்மைதான். ஆனால் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் மருந்து தண்ணீரில் கிடையாது. அதுவும் நாம் ஊற்றுவது போர் தண்ணீர். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, இன்ஜினுக்குள் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். அப்படி ஓடிய வண்டியின் வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்: இம்பெல்லரின் இதழ்கள் தேய்ந்து மெலிந்திருக்கும், விரலால் தடவினால் செங்காவிச் சேறு ஒட்டும்.

"அம்பாசடர் தண்ணியிலதானே ஓடிச்சு?" ஓடியது. அதன் பழைய 1489 சிசி இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே தடித்த வார்ப்பிரும்பு. 1983-ல் வந்த மாருதி 800-க்கு ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீரில் இரும்போடு சேர்ந்து நனையும்போது அலுமினியம்தான் முதலில் அரிபடும். கேஸ்கெட் உட்காரும் இடத்தில் குழி விழுந்த பிறகு ஹெட் ஃபேஸிங், புது கேஸ்கெட் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

"பச்சையாத்தானே இருக்கு, குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்பது அடுத்தது. பச்சை வெறும் சாயம். அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்த பிறகும் சாயம் இருக்கும். பழைய வகைப் பச்சைக் கூலன்டின் ஆயுள் பொதுவாக 2 ஆண்டு. அதற்குப் பிறகு கிளைக்காலே மெல்ல அமிலமாக மாறும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடுங்க, சூடே ஏறாது." சாலையில் ஓடும்போது முள் இறங்கும்தான். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோலைக் குடித்து, சீக்கிரம் தேயும். ரேடியேட்டர் அடைப்பு அப்படியே கிடக்கும். கோளாறு கண்ணில் படாமல் போவதுதான் மிச்சம்.

"பழைய வண்டியை ஃபிளஷ் பண்ணினா ஒழுகும்" என்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. கடுமையான அமிலக் கரைசலை ஊற்றினால் துரு அடைத்திருந்த ஓட்டை வெளியே தெரியும். ஆனால் ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். வீட்டு வாசலில் ஒழுகுவது நெடுஞ்சாலையில் ஒழுகுவதைவிட மேல். அமிலமும் தேவையில்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து வடியுங்கள். ரேடியேட்டர் டேப்பை மட்டும் திறந்தால் பிளாக்கில் உள்ளது அங்கேயே நிற்கும். அதனால் டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். அப்போது ஹீட்டர் லிவரைச் சூட்டுப் பக்கம் முழுதும் தள்ளி வையுங்கள். நம் ஊரில் அதை யாரும் தொடுவதே இல்லை. பல வண்டிகளில் பழைய சேறு ஹீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு கேனில் போட்டிருக்கும் விகிதப்படி கூலன்டை டிஎம் வாட்டரில் கலந்து மெதுவாக ஊற்றி, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ரெடி மிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

வடித்ததைச் சாக்கடையில் கொட்டலாம் என்பதும் தவறு. கிளைக்கால் இனிக்கும், தெருநாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.